ஒரு நிமிடமும் 49 நாளும்: முழுஎண் அளவு மாற்றம் பழகுவோருக்கு

மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து தொட்டிச் செடிகள். ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னக் கணினி போர்டு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. சுவிட்ச் வேலை பார்க்கும் ஒரு ரிலே, மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டார், ஒரு டிரம் தண்ணீர். காலையில் மோட்டாரைப் போடு, ஒரு நிமிடம் பொறு, அணைத்துவிடு. புரோகிராம் அவ்வளவுதான். பொறுப்பதற்கு ‘டிலே’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, மில்லிசெகண்டில் சொல்ல வேண்டும். 60 * 1000 என்று எழுதினேன். 60000 என்று நேராகவே எழுதியிருக்கலாம். பின்னால் படிக்கும்போது ‘60 வினாடி’ என்று கண்ணில் படட்டும் என்றுதான் அப்படி.

ஒரு நிமிடம் போயிற்று, ஐந்து நிமிடம் போயிற்று, மோட்டார் நிற்கவில்லை. டிரம் காலியான பிறகும் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு உறுமியது. ஒயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் விட்டிருந்தால் அது 49 நாள் 17 மணி நேரம் ஓடியிருக்கும்.

அந்த ஒரு வரிக்குள் நடந்தது இது. 60, 1000 இரண்டும் ‘இன்ட்’ என்ற முழுஎண் வகை. என்னுடைய பழைய ஊனோவில் இன்ட் என்றால் 16 பிட். அதில் அதிகபட்சம் 32767தான் நிற்கும். 60000 நிற்காது, 65536 கழிந்து −5536 ஆகிவிடும். ‘டிலே’ கேட்பதோ 32 பிட் அன்சைன்ட் எண். ஆகவே −5536 முதலில் 32 பிட்டுக்கு விரிந்தது. பிறகு ‘அன்சைன்டில் மைனஸ் கிடையாது’ என்று 4294961760 ஆக வாசிக்கப்பட்டது. அத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பெருக்கலில் ஒரு வழிதல், அதன் மேல் ஒரு விரிவு, அதன் மேல் ஒரு குறி மாற்றம். மூன்றில் ஒன்றைக்கூட நான் கையால் எழுதவில்லை.

முழுஎண்ணை ஒரு பிட் அளவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதுதான் அளவு மாற்றம். அந்தப் பேச்சை எடுத்ததும் பாடப் புத்தகங்கள் ‘காஸ்ட்’ (‘இதை அந்த வகையாக்கு’ என்று கையால் எழுதும் உத்தரவு) எழுதுவது எப்படி என்று ஆரம்பிக்கும். என் அனுபவத்தில், நாம் எழுதிய காஸ்டைவிட எழுதாமல் நடக்கிற மாற்றங்கள்தான் அதிகம் கடிக்கின்றன. அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சி மொழியில். ஜாவா, ரஸ்ட், கோ வரும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை: எத்தனை பிட், சைன்டா அன்சைன்டா

8 பிட்டில் சைன்ட் என்றால் −128 முதல் 127 வரை, அன்சைன்ட் என்றால் 0 முதல் 255 வரை. 16 பிட்டில் −32768 முதல் 32767, அல்லது 0 முதல் 65535. 32 பிட் சைன்டின் உச்சம் 2,14,74,83,647. கோடியில் சொன்னால் 214 கோடியே சொச்சம். 64 பிட் சைன்டின் உச்சம் 19 இலக்க எண். சாதாரணக் கணக்குக்குத் தாராளம்.

சிக்கல் என்னவென்றால், சி மொழியில் பெயரைப் பார்த்து அளவைச் சொல்ல முடியாது. உங்கள் லேப்டாப்பில் இன்ட் 32 பிட், ஊனோவில் 16. ‘லாங்’ இன்னும் மோசம்: 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். ‘என் மெஷினில் ஓடுகிறதே’ என்ற புலம்பலில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதுதான். ஓர் எழுத்தை வைக்கும் ‘சார்’ என்ற வகை சைன்டா என்பதுகூட இடத்துக்கு இடம் மாறும். இன்டெல் கணினிகளில் வழக்கமாக சைன்ட், ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் லினக்ஸில் வழக்கமாக அன்சைன்ட். கோப்பை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, சார் வேரியபிளில் போட்டு, −1 (கோப்பு முடிந்தது என்ற அடையாளம்) வந்தால் நிறுத்து என்று எழுதிய லூப் லேப்டாப்பில் நிற்கும், ராஸ்பெரி பையில் நிற்கவே நிற்காது. அன்சைன்டில் −1 என்பது 255 ஆகிவிடுகிறதே. எழுத்தைப் படித்துத் தரும் ஃபங்ஷன் இன்ட் தருகிறது, இன்டிலேயே வாங்குங்கள்.

அளவு முக்கியமான இடத்தில் 1999-ஆம் ஆண்டு சி தரம் கொண்டுவந்த ‘இன்ட்16_டி’, ‘யுஇன்ட்32_டி’ வகைப் பெயர்களைப் பயன்படுத்துங்கள். பெயரிலேயே பிட் கணக்கு இருக்கிறது. ஜாவாவில் இந்தத் தலைவலி இல்லை: பைட் 8, ஷார்ட் 16, இன்ட் 32, லாங் 64, எந்தக் கணினியிலும். ஆனால் நான்குமே சைன்ட். அதன் வினை கீழே வருகிறது.

சின்னதிலிருந்து பெரியதுக்கு

இது பயமில்லாத திசை என்பார்கள். முக்கால்வாசி உண்மை.

11001000 என்ற எட்டு பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்சைன்டாக வாசித்தால் 128 + 64 + 8 = 200. சைன்டாக வாசித்தால் இடக்கோடி பிட்டின் மதிப்பு +128 இல்லை, −128. ஆக −128 + 64 + 8 = −56. நினைவகத்தில் இருக்கும் பிட்டுகள் ஒன்றேதான், வாசிப்புதான் வேறு.

இதை 16 பிட்டுக்கு விரிக்கும்போது இடப்பக்கம் எட்டு புதிய இடங்கள் வருகின்றன. அவற்றில் எதைப் போடுவது? அன்சைன்ட் என்றால் பூஜ்யங்கள்: 00000000 11001000, அதாவது 200. சைன்ட் என்றால் இடக்கோடி பிட்டையே பிரதி எடுக்க வேண்டும்: 11111111 11001000, அதாவது −56. இரண்டிலும் மதிப்பு மாறவில்லை.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எதை நிரப்புவது என்பதை எங்கிருந்து போகிறதோ அந்த வகைதான் முடிவு செய்யும். எங்கே போகிறதோ அது அல்ல. 8 பிட் சைன்ட் −56-ஐ 32 பிட் அன்சைன்டில் போட்டால், முதலில் ஒன்றுகளால் நிரம்பி, பிறகு அன்சைன்டாக வாசிக்கப்பட்டு 4294967240 ஆகும். 200 வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஜாவாவில் நெட்வொர்க்கிலிருந்தோ படக் கோப்பிலிருந்தோ பைட் படிப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதில் விழுந்து எழுந்தவர்கள். அனுப்பியவர் 200 அனுப்பியிருப்பார், இங்கே −56 வரும். மருந்து சின்னது: அந்த பைட்டை 255-உடன் பிட்டுக்குப் பிட் ‘அண்ட்’ செய்துவிட்டு இன்டில் வாங்குங்கள். பிரதி எடுத்த ஒன்றுகள் எல்லாம் அழிந்து, கீழ் எட்டு பிட் மட்டும் மிஞ்சும், 200 கிடைக்கும்.

பெரியதிலிருந்து சின்னதுக்கு

‘ஓவர்ஃப்ளோ’ என்ற பேரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஒரு மரக்கால் நெல்லைப் படியில் கொட்டினால் மிச்சம் வழியும், படி தலைதட்ட நிறைந்து நிற்கும். கணினி அப்படி இல்லை. 300-ஐ 8 பிட் அன்சைன்டில் போட்டால் 255 என்று நிறைந்து நிற்காது, 44 ஆகும்.

பழைய ஈபி மீட்டரை நினைத்துப் பாருங்கள். நான்கு இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். 9999-க்கு அடுத்து 0000. மொத்தம் 12345 யூனிட் ஓடியிருந்தால் அது காட்டுவது 2345. இடப்பக்க இலக்கம் காணாமல் போகும், வலப்பக்கம் அப்படியே இருக்கும். பிட்டிலும் இதே கதைதான். 300 என்பது 1 00101100. இடப்பக்க 1 போய்விட, மீதி 00101100, அதாவது 44.

சைன்டுக்கு மாறும்போது கூடுதலாக ஒரு திருப்பம்: மிஞ்சிய பிட்டுகளில் இடக்கோடி 1 என்றால் எண் மைனஸாகிவிடும். 40000-ஐ 16 பிட் சைன்டில் போட்டால் −25536. சி தரத்தின்படி அன்சைன்டுக்கு மாற்றுவது எப்போதும் இப்படி வெட்டித்தான் நடக்கும். கொள்ளாத எண்ணை சைன்டுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தரம் கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. ஜிசிசி, க்ளாங் என்ற கம்பைலர்கள் இரண்டும் வெட்டத்தான் செய்கின்றன. சி++ 2020 பதிப்பிலிருந்து வெட்டுவதே சட்டம்.

சில வேலைகளுக்கு நெல் படி மாதிரிதான் வேண்டியிருக்கும். போட்டோவின் வெளிச்சத்தைக் கூட்டுகிறீர்கள். 200 உள்ள புள்ளியுடன் 100 கூட்டினால் 255 என்று பளீர் வெள்ளையாக நிற்க வேண்டும். வெட்ட விட்டால் 44. வெள்ளைச் சுவரில் கரிப்பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக வரும். அப்போது முதலில் கூட்டலை இன்டில் வைத்துக்கொண்டு, 255-ஐத் தாண்டினால் 255 என்று ஆக்கிவிட்டு, அதன் பிறகு சின்ன வகைக்குள் போடுங்கள்.

கணக்கு எந்த அளவில் நடக்கிறது?

என் மோட்டாரைக் காலி பண்ணப் பார்த்தது இதுதான். இதில் கொஞ்சம் நிதானியுங்கள்.

பணத்தைப் பைசாவில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். 3 கோடி ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்குகிறோம். விடை 300 கோடி, 32 பிட் சைன்டில் கொள்ளாது. தெரிந்தவர் என்பதால் விடையை 64 பிட் லாங் வேரியபிளில் வாங்குகிறீர்கள். ஜாவாவில் ஓட்டிப் பாருங்கள்: −1,29,49,67,296 வரும்.

இடப்பக்கம் இருக்கும் வேரியபிள் எவ்வளவு பெரியது என்பதைப் பெருக்கல் பார்ப்பதில்லை. பெருக்கப்படும் இரண்டும் இன்ட், ஆகவே பெருக்கல் 32 பிட்டில் நடக்கிறது. அங்கேயே வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட விடைதான் 64 பிட்டுக்கு விரிகிறது. குடம் உடைந்த பிறகு அண்டாவைக் கொண்டுபோய் வைத்த கதை. மொத்தப் பெருக்கலையும் அடைப்புக்குறிக்குள் வைத்து வெளியே காஸ்ட் போடுவதும் அதே தாமதம்தான். பெருக்குவதற்கு முன்னால் இரண்டில் ஒன்றையாவது 64 பிட்டாக்கிவிடுங்கள், மற்றது தானாக விரிந்துகொள்ளும். (32 பிட் இன்டில் பைசாவாக வைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 2,14,74,836 ரூபாய் 47 பைசா. ஒரு வீட்டு விலைக்கே போதாது சில ஊர்களில்.)

‘பெருக்கிவிட்டு மைனஸ் வந்ததா என்று பார்த்துக்கொள்கிறேன்’ என்று சிலர் சொல்வார்கள். ஜாவாவில்கூட அது நம்பகமில்லை, இரண்டு சுற்றுச் சுற்றி பிளஸாகவே வந்து நிற்கலாம். சி-யில் நிலைமை இன்னும் மோசம். சைன்ட் கணக்கு வழிந்தால் என்ன நடக்கும் என்று தரம் எதையும் உறுதி சொல்வதில்லை. ‘இது வழியாது’ என்று எடுத்துக்கொண்டு உங்கள் சோதனையையே கம்பைலர் தூக்கிவிடலாம். −5536 என்று மேலே சொன்னேனே, அதுகூட நடைமுறையில் வந்த விடை மட்டுமே, உத்தரவாதம் இல்லை.

இன்டைவிடச் சின்ன வகைகளுக்கு சி-யில் இன்னொரு விதி: கணக்கில் நுழையும்போதே அவை இன்டாக விரிந்துவிடும். இரண்டு 8 பிட் எண்கள், 200-ம் 100-ம். கூட்டினால் 300 சரியாகவே வரும், திரும்ப 8 பிட் வேரியபிளில் வைக்கும்போதுதான் 44 ஆகும். ஆகவே கூட்டலை நேரடியாக ஒப்பிட்டால் ஒரு விடை, வேரியபிளில் வைத்து ஒப்பிட்டால் வேறு விடை. பைத்தியம் பிடிக்கும்.

சைன்டும் அன்சைன்டும் ஒரே அளவில் மோதினால்? அன்சைன்ட் ஜெயிக்கும். −1 சின்னதா, அன்சைன்ட் 1 சின்னதா என்று கேட்டால், 1-தான் சின்னது என்பது சி-யின் பதில். −1 அங்கே 4294967295 ஆகிவிட்டது. நீளங்களும் எண்ணிக்கைகளும் பெரும்பாலும் அன்சைன்ட் என்பதால் இது அன்றாடம் நடப்பது. காலிப் பட்டியலின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அதுவரை லூப் ஓட்டினால், 64 பிட் கணினியில் அது 18446744073709551615 வரை ஓடக் கிளம்பும். கழிக்காமல், குறியீட்டு எண்ணுடன் ஒன்றைக் கூட்டி நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

முதலில் சோதி, அப்புறம் காஸ்ட்

எச்சரிக்கை வருகிறது, காஸ்ட் போட்டால் போய்விடுகிறது. அதனால் காஸ்ட் போடுவது பலருக்கு வழக்கம். அது அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துகிற மாதிரி. காஸ்ட் எதையும் சரிபார்ப்பதில்லை, ‘எனக்குத் தெரியும், நீ சும்மா இரு’ என்று கம்பைலரிடம் சொல்கிறது. உங்களுக்கு நிஜமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள, எண் பெரிய வகையில் இருக்கும்போதே அதன் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் பாருங்கள். கொண்டால் மாற்றுங்கள், கொள்ளாவிட்டால் பிழை என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. 300 ஏற்கெனவே 44 ஆகியிருக்கும், 44 நல்ல பிள்ளை மாதிரி எல்லைக்குள் நிற்கும். ஜாவா 8 முதல் ‘டுஇன்ட்எக்ஸாக்ட்’ என்ற ஃபங்ஷன் இந்த வேலையைச் செய்கிறது, கொள்ளாவிட்டால் எக்ஸெப்ஷன் எறியும். ரஸ்டில் ‘ட்ரைஃப்ரம்’ இருக்கிறது. அங்கேயே ‘ஆஸ்’ என்பதும் இருக்கிறது, அது சத்தம் போடாமல் வெட்டும். பழகும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். கோ மொழி மாற்றத்தை வெளிப்படையாக எழுதச் சொல்லும், ஆனால் எழுதிவிட்டால் வெட்டிவிடும். பைத்தானில் முழுஎண்ணுக்கு எல்லை இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம்பை என்ற கணக்கு நூலகத்தின் பக்கம் போனதும் எல்லை திரும்ப வந்துவிடும். நம்பை 2.0 வருவதற்கு முன்பு விண்டோஸில் அதன் இயல்பு முழுஎண் 32 பிட்டாகவே இருந்தது.

‘இந்த எண் பெரிதாக வராது’ என்று சோதனையைத் தவிர்த்ததற்கு உலகமே பார்த்த விலை ஒன்று உண்டு. 1996 ஜூன் 4 அன்று, ஃபிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. நாற்பது வினாடிகூடத் தாண்டவில்லை, திசைமாறிச் சிதறியது. கிடைமட்ட வேகத்தை ஒட்டிய ஒரு மதிப்பை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் சைன்ட் முழுஎண்ணுக்கு மாற்றியபோது கொள்ளவில்லை. எழுதிய மொழி ஏடா, அது வெட்டாமல் பிழை எழுப்பியது; பிழையைப் பிடிக்க ஆள் இல்லாமல் வழிகாட்டும் கணினியே படுத்தது. மாற்றுக்கு வைத்திருந்த கணினியிலும் அதே புரோகிராம்தான், அதுவும் படுத்தது. விசாரணை அறிக்கையில் என்னை உட்காரவைத்த தகவல்: இப்படி ஆபத்தில் இருந்த வேரியபிள்கள் ஏழு. நான்குக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். மீதி மூன்றைக் கணினியின் சுமையைக் குறைப்பதற்காகத் தெரிந்தே விட்டார்கள். அந்தப் புரோகிராம் முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டுக்கு எழுதியது. அதன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது சரியும்கூட. புதிய ராக்கெட் வேறு பாதையில், அதிக வேகத்தில் போனது. அந்தக் கணக்கோ, கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லாதது.

எச்சரிக்கையைத் திறந்து வையுங்கள்

ஊனோவில் நான் எழுதிய 60 * 1000-க்கு கம்பைலர் எச்சரிக்கை தயாராகவே வைத்திருந்தது. ஆர்டுயினோ எடிட்டரின் அமைப்பில் கம்பைலர் எச்சரிக்கை ‘ஒன்றும் வேண்டாம்’ என்று இருந்ததால் எனக்குக் காட்டவில்லை. போய் ‘ஆல்’ என்று மாற்றுங்கள், இன்றே.

கணினியில் ஜிசிசி பயன்படுத்துகிறவர்கள் ‘டபிள்யூ ஆல்’, ‘டபிள்யூ எக்ஸ்ட்ரா’ என்ற எச்சரிக்கை அமைப்புகள் இரண்டும் போட்டாயிற்று, எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பெரியதைச் சின்னதில் போடுவதற்கான எச்சரிக்கை அதில் இல்லை. ‘டபிள்யூ கன்வர்ஷன்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். பழைய புரோஜெக்ட்டில் இதைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் கொட்டும், மிரளாதீர்கள். புதிதாக எழுதும் கோப்பிலிருந்து ஆரம்பியுங்கள். ஓடும்போது பிடிக்க க்ளாங்கின் சானிடைசர்கள் உண்டு. வழிந்த வரியின் எண்ணோடு சொல்லும்.

சோதிக்கும்போது 5, 10 என்று போட்டுப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. 0, −1, 127, 128, 255, 256, 32767, 32768, 65535, 65536 இவற்றைக் கொடுங்கள். 32 பிட் எல்லையின் இருபக்கமும் ஒவ்வொன்று. நேரத்தைக் கையாளும் புரோகிராம் என்றால் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டிய ஒரு தேதி கட்டாயம். 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடிகள் நம் நேரப்படி அன்று காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியில் 32 பிட் சைன்டின் உச்சத்தைத் தொடும். இன்றைய 64 பிட் கணினிகளில் நேர வகை 64 பிட்தான். அதைக் கொண்டுவந்து ஒரு இன்டில் போடும் பழைய வரிதான் பிரச்சினை. இன்னும் நாள் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சென்ற ஆண்டு எடுத்த 20 வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதி அதற்கு அப்பால் இருக்கிறது.

வெட்டு நமக்கு உதவும் ஓர் இடம்

எல்லாம் ஆபத்து என்று சொல்லி அனுப்பினால் பாதிக் கதைதான். ஈபி மீட்டருக்குத் திரும்புவோம். போன முறை ரீடிங் 9950, இந்த முறை 0030. செலவு எவ்வளவு? 80 யூனிட் என்று கணக்கெடுப்பவர் யோசிக்காமல் சொல்வார். மீட்டர் சுற்றி வந்தது கணக்கைக் கெடுக்கவில்லை.

ஆர்டுயினோவில் ‘மில்லிஸ்’ என்ற ஃபங்ஷன், போர்டு கிளம்பியதிலிருந்து ஆன மில்லிசெகண்டை 32 பிட் அன்சைன்டில் தருகிறது. ஏறக்குறைய 49.7 நாளுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். ‘இப்போது’ கழித்தல் ‘ஆரம்பித்தது’, இரண்டும் 32 பிட் அன்சைன்ட் என்றால், நடுவில் ஒருமுறை சுற்றியிருந்தாலும் வித்தியாசம் சரியாக வரும். ‘ஆரம்பித்தது’ கூட்டல் ‘60 வினாடி’ எவ்வளவு என்று முன்கூட்டியே போட்டுவைத்து, ‘இப்போது’ அதைத் தாண்டிற்றா என்று பார்த்தால் சுற்றும் நாளில் தவறிவிடும். கழித்துப் பாருங்கள், கூட்டிப் பார்க்காதீர்கள். 8 பிட் கவுண்டரில் இதைச் செய்தால் மட்டும் ஒரு கவனம்: 10 − 250 இன்டாக விரிந்து −240 ஆகும். அதைத் திரும்ப 8 பிட் அன்சைன்டாக காஸ்ட் செய்தால்தான் 16 கிடைக்கும். தெரிந்தே போடும் காஸ்ட் என்றால் இதுதான்.

என் மோட்டாருக்கு வருகிறேன். 60-க்குப் பின்னால் ‘யு’, ‘எல்’ என்று இரண்டு எழுத்து சேர்த்தேன். ‘இது அன்சைன்ட் லாங்’ என்று அதற்கு அர்த்தம், ஊனோவில் 32 பிட். பெருக்கல் அந்த அளவில் நடந்து 60000 சரியாக வந்தது. மறுநாள் காலை டிரம்மில் கால்வாசிதான் தண்ணீர் விட்டேன், கையில் கடிகாரத்துடன் பக்கத்திலேயே நின்றேன். 60 வினாடியில் ரிலே ‘டக்’ என்றது.